பேசத் தடையில்லை என்று ஒரு ஷரத்து

போன மாதம், எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். பெண்கள் வேலை செய்யும் ஆலைகளுக்குப் போய், பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்கும் குழு அமைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. காபி குடித்துக்கொண்டே, "உங்க காலத்துல இதுக்குன்னு சட்டமே இல்லையேம்மா, யாராவது அழுதுட்டு வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். இருந்த சட்டத்தை வைத்து ஏதாவது செய்வோம் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது போதாது என்று எனக்கே தெரிந்தது. வேதவல்லியின் வழக்கை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் உயர்நிலை தேறி, அரசாங்கப் பரீட்சை எழுதி, அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரம் தொழிலாளர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தேன். வாடகைக் கட்டடம், மாடியில் இரண்டு அறை, பின்பக்கம் ஒரு குழாயும் கழிவறையும். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். முதல் சில மாதங்கள் சட்டப் பெயர்களையும் பிரிவு எண்களையும் பிழையில்லாமல் அடிக்கக் கற்றுக்கொள்வதிலேயே போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் அதிகாரி தரணேந்திரன். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். ஊர்க்காரர்கள் அவரை 'நயினார்' என்றுதான் சொல்வார்கள். இருட்டுவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வசதியாகப் பேச்சுவார்த்தைகளை எப்போதும் காலையிலேயே வைப்பார். முதலாளி, தொழிலாளி இருவருக்கும் அவர் எதிரில் ஒரே பெஞ்சுதான். பெரிய ஜவுளி வியாபாரி ஒருவர் ஒருமுறை நாற்காலி கேட்டபோது, "பெஞ்சு நல்லா உறுதியாத்தான் இருக்குது, உக்காருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெஞ்சைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

அவர் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது அழுதால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். அழுகை நின்றதும், "சொல்லுங்க" என்பார். வாக்குமூலம் எழுதும்போது 'கொடுமை', 'அநியாயம்', 'அராஜகம்' போன்ற சொற்களை நான் அடித்துக்கொண்டு போனால் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். என்ன நடந்தது, எங்கே நடந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். சேர்ந்த புதிதில் இது கல்நெஞ்சம் என்று நினைத்தேன். மேல்கோர்ட்டு வரை போன வழக்குகளின் காகிதங்கள் திரும்பி வந்தபோதுதான், கோடு போட்ட வார்த்தைகளால் யாரும் ஜெயித்ததில்லை என்று தெரிந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் படியேறவே வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தறியில் நெய்கிறவர்களுக்கு ஆலைச் சட்டம் கிடையாது. அவர்கள் வீடுதான் அவர்கள் வேலை இடம். அவர்கள் வந்தால் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும். மோட்டார் வைத்து, ஆட்களைக் கூட்டி நடத்துகிற இடமாக இருந்தால்தான் நாங்கள் கேட்கலாம். பட்டு முறுக்கு ஆலைகள் அப்படிப்பட்டவை. தறிக்குப் போவதற்கு முன் பட்டிழையைச் சுற்றி, சேர்த்து, முறுக்கேற்றித் தருவது அங்கேதான். சின்ன காஞ்சிபுரம் தாண்டி அப்படி ஓர் ஆலை இருந்தது. இழை சுற்றுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். வேதவல்லி அங்கிருந்து வந்தார்.

முப்பது வயதைத் தாண்டியவர். கணவர் தறிவேலை செய்கிறவர். வந்த அன்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, "மேஸ்திரி ரொம்பக் கொடுமை பண்றாரு சார்" என்றார்.

"கொடுமைன்னு எழுத முடியாதும்மா. என்ன பண்றாரு?"

"பக்கத்துல வந்து நின்னுக்கினு பேசுவாரு."

"என்ன பேசுவாரு?"

வேதவல்லி என்னைப் பார்த்தார். தரணேந்திரன் அதைக் கவனித்துவிட்டு எழுந்தார். "சகுந்தலா, நீங்க எழுதிக்கோங்க. அவங்க சொல்ற வார்த்தையையே எழுதணும், நாகரிகமா மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளி வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

வேதவல்லி சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினேன். இங்கே எழுத வேண்டியதில்லை. கன்னியப்பன் என்கிற அந்த மேஸ்திரி அவர் உடம்பைப் பற்றியும் உடையைப் பற்றியும் காதருகே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் வேதவல்லி எல்லோர் முன்னாலும் சத்தமாக, "என் புடவையப் பத்திப் பேசாத, நூலப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டார். சில பெண்கள் சிரித்திருக்கிறார்கள். மறுநாளே அவரை வழக்கமான இயந்திரத்திலிருந்து எடுத்து, முறுக்கிய நூலுக்கு ஆவி காட்டும் அறையின் பக்கத்தில் தனியாகப் போட்டார்கள். அனலும் ஈரமும் நாள் முழுக்க மேலே அடிக்கும் இடம். உட்காரும் முக்காலியை எடுத்துவிட்டார்கள். அவருடன் யாரும் பேசக் கூடாது, பேசுகிறவளுக்கும் வேலை இருக்காது என்று கன்னியப்பன் மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டார். இப்படிக் கொஞ்ச நாள் போனபின், ஒரு காலையில் வாட்ச்மேன் அவரை வாசலிலேயே நிறுத்தி, உனக்கு இனிமேல் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு தொழிலாளியின் வேலை போனால் சங்கம் எடுத்துக்கொண்டு வந்தால்தான் தகராறு. திருத்தத்துக்குப் பின், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் தனியாளாகவே வரலாம். அந்த வழியில் தரணேந்திரன் இரு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பினார்.

ஆலை மானேஜர் நரசிம்மலு வந்தார். நல்ல சலவை வேட்டி, மரியாதையான பேச்சு. பெஞ்சில் வேதவல்லியிடமிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டு, "நாங்க இவங்களை நிறுத்தவே இல்ல சார். இவங்களாத்தான் வராம நின்னுட்டாங்க" என்றார். ஆலைக்காரர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். நீக்கினோம் என்றால் காரணம் காட்ட வேண்டும், விசாரணை நடத்தினீர்களா என்ற கேள்வி வரும்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் தரணேந்திரன். என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். "நிர்வாகம் இவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. எழுதியாச்சா? இவர் நாளைக் காலை வழக்கம்போல் வேலைக்கு வருவார். நிர்வாகம் வேலை கொடுக்கும்."

"சார், அது முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எதுக்குக் கேக்கணும்? நீக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க. நீக்காத ஆளு வேலைக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

நரசிம்மலு கையெழுத்துப் போட்டார். வேதவல்லி மறுநாள் வேலைக்குப் போனார். வழக்கு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து வேதவல்லி திரும்பவும் வந்தார். முகமும் கழுத்தும் அனல் பட்டு வேர்க்குருவாக இருந்தன.

"வேலை இருக்குது சார். அங்க இருக்கத்தான் முடியல" என்றார்.

அதே ஆவி அறைப் பக்கம், அதே தனிமை. முக்காலி இல்லை. ஒரு பெண்ணும் வாய் திறப்பதில்லை. தண்ணீர்ப் பானைப் பக்கம் இவர் போனால் மற்றவர்கள் விலகிவிடுகிறார்கள். கன்னியப்பன் இப்போது இவரிடம் ஒன்றும் பேசுவதில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்.

தரணேந்திரன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "பாருங்கம்மா. உங்க வேலை போச்சுன்னா, நீங்க ஒருத்தரா வந்தாலும் நான் எடுத்துக்கலாம். வேலை போகல, ஆனா வேலை செய்ற இடத்துல இருக்க விடல, அப்படின்னா அதை ஒருத்தர் கொண்டுவந்தா என்னால எடுக்க முடியாது. உங்ககூட வேலை செய்றவங்கள்ல கணிசமான பேர் சேர்ந்து வந்து, இது எங்க பிரச்சினைன்னு சொல்லணும். அப்பத்தான் சட்டப்படி அது தகராறு."

"யாருமே என்னாண்ட பேசக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நான் எப்படி சார் அவங்கள இட்டுக்கினு வர்றது?"

தரணேந்திரன், "அது எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. வேதவல்லிக்கு வந்ததாகத் தெரியவில்லை. எழுந்து, முகம் கழுவ வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பின்பக்கம் கூட்டிப் போனேன். கழிவறைக்குள் போய்விட்டு வெளியே வந்தவர், கதவைத் திரும்பிப் பார்த்து, "இங்க தாப்பா உள்பக்கம் இருக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "வேற எங்கங்க இருக்கும்?" என்றேன்.

"எங்க மில்லுல வெளியில பூட்டும்மா. சாவி மேஸ்திரிகிட்ட. அந்தாளாண்ட போயி நின்னு கேக்கணும். எதுக்குன்னுவான். இப்பத்தானே போனன்னுவான். ஆம்பிளைங்க எல்லாம் பாத்துக்கினு இருப்பாங்க. அதுக்குப் பயந்துக்கினு நாங்க யாரும் காலையில தண்ணி குடிக்கிறதே இல்ல."

"இதை ஏன் சார்கிட்ட சொல்லல?"

"இதப் போயி ஆபீசுல எப்படிம்மா சொல்றது? அப்புறம், இது எனக்கு மட்டும் பண்றது இல்லியே. எல்லாருக்கும்தான்."

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் தரணேந்திரனிடம் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்தார். பெண்களுக்குத் தனியாகக் கழிவறை இருக்க வேண்டும், ஆலையில் இருக்கும் நேரம் முழுவதும் அவர்கள் அதை உபயோகிக்கத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு முறை படித்தார்.

"காதுகிட்ட வந்து பேசினதுக்கு இதுல ஒரு வரி கிடையாது. தனியா ஒதுக்கி வெச்சதுக்கும் கிடையாது. பூட்டுக்கு இருக்குது" என்றார். ஆனால் அதைப் போய்ப் பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, தொழிற்சாலை ஆய்வாளருக்குத்தான். அன்றே அவருக்கு எழுதினார். புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் இருக்கும் ஒரு நல்ல விஷயம்.

ஆய்வாளர் வெளியூரிலிருந்து வந்தார். பெண்கள் பக்கம் போய்ப் பார்க்க ஒரு பெண் ஊழியர் துணைக்கு வேண்டும் என்று கேட்டதால் என்னை அனுப்பினார்கள். ஆலைக்குள் நான் போனது அன்றுதான். முறுக்கு இயந்திரங்களின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நீளமாக இரண்டு வரிசை. அதற்கெல்லாம் தள்ளி, ஆவி வந்துகொண்டிருந்த மூலையில் வேதவல்லி நின்றுகொண்டு இழை சுற்றிக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வாளர் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார். "லேடீஸுக்குத் தனி கக்கூஸ் இருக்கா?"

"இருக்குது சார். எப்பவும் தொறந்துதான் இருக்கும்" என்றார் கன்னியப்பன். நான் கற்பனை செய்திருந்த ஆள் மாதிரி அவர் இல்லை. ஒல்லியாக, விபூதி பூசி, கையெல்லாம் எண்ணெய்க் கறையாக இருந்தார்.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பூட்டியிருக்கிறது என்றேன்.

"இப்பத்தான் கழுவி வுட்டுப் பூட்டினாங்க சார்."

"சாவி எங்க?"

"வாட்ச்மேன்கிட்ட இருக்கும்."

வாட்ச்மேனைக் கூட்டிவர ஆள் போனது. ஆய்வாளர் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். திடீரென்று அமைதியானதும் எல்லாப் பெண்களும் நிமிர்ந்தார்கள். "ஏம்மா, அந்தக் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்குதா?" என்று பொதுவாகக் கேட்டார். நிமிர்ந்த தலைகள் எல்லாம் மறுபடி குனிந்தன. வேதவல்லி சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்து அவரையே பார்த்தேன். அவர் பேசவில்லை. நான் ஒருத்தியே மறுபடியும் சொன்னால் அது என் சண்டையாகத்தானே ஆகும் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

முதல் இயந்திரத்தில் முனியம்மா என்ற பெண் இருந்தார். புருஷன் இறந்துபோய், சின்னக் குழந்தைகளோடு இருக்கிறவர். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "வாட்ச்மேன்கிட்ட என்னிக்கும் இருந்ததில்ல சார். சாவி அவரு இடுப்புல இருக்குது."

ஆய்வாளர் கையை நீட்டினார். கன்னியப்பன் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். தரை காய்ந்து கிடந்தது. கழுவி நாளாகியிருக்கும். அதையும் வந்து சொன்னேன்.

பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று ஆய்வாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். அதை ஆலைக்காரர்கள் உடனே செய்தார்கள். செய்துவிட்டு, அடுத்த சில நாட்களுக்குள் முனியம்மாவை வாசலில் நிறுத்தி, உனக்கு வேலை இல்லை என்றார்கள்.

அன்று காலை வாசலில் நடந்ததை முனியம்மா பிறகு என்னிடம் சொன்னார். மற்ற பெண்கள் அவருக்குப் பின்னால் உள்ளே போக வரிசையில் நின்றிருக்கிறார்கள். வேதவல்லியும் அந்த வரிசையில்தான். முனியம்மா அழுதுகொண்டு ஓரமாக நகர்ந்ததும் வேதவல்லி வரிசையை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று, "வா, நயினார் ஆபீசுக்குப் போலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். அத்தனை நாளில் அந்த வாசலில் வேதவல்லி ஒருத்தியிடம் பேசிய முதல் பேச்சு அதுதானாம். இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் இன்னும் சிலர். அதற்குப் பின்னால் இன்னும் சிலர்.

எங்கள் மாடிப்படி நிறைந்துவிட்டது. பெஞ்சில் எல்லோரும் உட்கார இடமில்லை, அதனால் யாரும் உட்காரவில்லை. தரணேந்திரனும் எழுந்து நின்றுகொண்டார். முனியம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லோரையும் பார்த்து, "இது முனியம்மாவோட தகராறா, வேற யாரோடதா?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒருத்தி முன்னே வந்தாள். "எங்க எல்லாரோடதும்தான் சாமி" என்றாள்.

"எழுதிக்கோங்க சகுந்தலா" என்றார் தரணேந்திரன். அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் நரசிம்மலு வேர்க்க வேர்க்கப் படியேறி வந்தார். "நோட்டீஸ் கொடுக்காம வேலையை நிறுத்திட்டு வந்திருக்காங்க சார். இது சட்டவிரோதமான ஸ்டிரைக்கு."

"முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கணும்ங்கறது தண்ணி, கரண்டு, ரயிலு மாதிரி பொது உபயோகத் தொழிலுக்குங்க. பட்டு முறுக்கறது அதுல வரல."

"இந்த ஊருக்கே பட்டுதான் சார் எல்லாம்."

"ஊருக்கு இருக்கலாம். சட்டத்துல இல்ல. முதலாளியைக் கூட்டிட்டு வாங்க."

முதலாளி மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்தார். மறுமுனையில் வேதவல்லியும் முனியம்மாவும் உட்கார்ந்தார்கள்.

முனியம்மாவுக்கு வேலை, போட்ட தாழ்ப்பாளை எடுக்கக் கூடாது என்பது, முக்காலி, எல்லோருக்கும் முறைவைத்து ஆவி அறைப் பக்க வேலை, இவை ஒவ்வொன்றாக முடிந்தன. கன்னியப்பனை எடுத்துவிட வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். முதலாளி ஒப்பவில்லை. கடைசியில் அவர் இயந்திரப் பழுது பார்க்கும் வேலைக்கு மட்டும் வருவார், பெண்களை மேய்க்கும் பொறுப்பு அவருக்கு இல்லை என்று முடிவாயிற்று. வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தரணேந்திரன் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அன்று இரவு அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

"வேற ஏதாவது இருக்குதா?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணு இருக்குது சார்" என்றார் வேதவல்லி. "யாரும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொன்னது இனிமே இல்லன்னு எழுதணும்."

முதலாளி சிரித்தார். "இதெல்லாம் ஒப்பந்தத்துல எழுதுற விஷயமா சார்?"

தரணேந்திரனும் தயங்கினார். "பேசறதைப் பத்தியெல்லாம் ஷரத்து போடறது வழக்கமில்லம்மா."

"பேசக் கூடாதுன்னு உத்தரவு போட முடிஞ்சுது இல்ல சார்? அப்ப பேசலாம்னு ஏன் எழுத முடியாது?"

தரணேந்திரன் பென்சிலைக் கீழே வைத்தார், பிறகு எடுத்தார். "சகுந்தலா, எழுதுங்க. தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு நிர்வாகம் தடை விதிக்காது."

"வேலை நேரத்துல உக்காந்து கதை பேசினா?" என்றார் முதலாளி.

"வேலைக்கு இடையூறு இல்லாமல்னு சேத்துக்கோங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று வேதவல்லி என்னிடம் கேட்டார். சொன்னேன். "அது நாயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை எத்தனையோ ஒப்பந்தம் தட்டச்சு செய்தேன். அப்படி ஒரு ஷரத்து இன்னொன்றில் வந்ததில்லை.

அந்த ஒப்பந்தம் நிலைத்தது. முழுக்க நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். முக்காலி மாதக்கணக்கில் வரவில்லை, மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஆனால் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை.

இதற்குச் சில வருடங்கள் கழித்து, எழுபதுகளின் நடுவில், தரணேந்திரன் மாற்றலாகிப் போய் வேறு ஓர் அதிகாரி வந்திருந்தார். நான் தலைமை எழுத்தராகியிருந்தேன். ஒரு காலையில் கன்னியப்பன் படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. ஆலையில் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, இவரைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டானாம். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டு, "எங்கள மாதிரி ஆளுக்கும் சட்டம் இருக்குதாம்மா?" என்று கேட்டார். என்னை அடையாளம் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பெஞ்சைக் காட்டி, "இருக்குதுங்க, உக்காருங்க" என்று சொல்லி, அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது. மேஸ்திரி என்பவர் மேற்பார்வையாளர், தொழிலாளி இல்லை, அதனால் இந்தச் சட்டம் அவருக்கு இல்லை என்றது. பதவிப் பெயர் போதாது, பெரும்பாலான நேரம் கையால் வேலை செய்தாரா, ஆட்களை ஏவிக்கொண்டு இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்றார் புது அதிகாரி. அதற்கு, அவருடன் வேலை செய்தவர்கள் யாராவது வந்து சொல்ல வேண்டும்.

"எனக்காக யாரு சார் வந்து சொல்லுவாங்க?" என்றார் கன்னியப்பன்.

ஆம்பிளைகள் யாரும் புது முதலாளிக்குப் பயந்து வரவில்லை. அடுத்த தேதியில் கன்னியப்பன் வந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால், தள்ளி, வேதவல்லி வந்தார். கன்னியப்பன் அவரிடம் போய் என்ன சொல்லிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அதிகாரி வேதவல்லியைக் கேட்டார். அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "இந்தச் சில வருஷமா இவரு மிஷினுக்கு அடியிலதான் படுத்துக்கினு கெடப்பாரு. பல்சக்கரம் மாத்துறது, எண்ணெய் போடுறது, பெல்ட்டு கட்டுறது, எல்லாம் இவரு கையாலதான். யாரையும் ஏவல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வேற மாதிரி இருந்தாரு. அது இங்கயே எழுதி இருக்குது. கேட்டா அதையும் சொல்லுவேன்."

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அதைக் கேட்கவில்லை. நிர்வாகத்து ஆளும் கேட்கவில்லை. கன்னியப்பனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அதற்கடுத்த பேச்சில் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கும்போது வேதவல்லியும் நானும் மட்டும்தான் மேஜையருகில் இருந்தோம். மனசு கேட்காமல், "அவர் மேல இருந்த கோவம் போயிடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா போகும்?" என்றார். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார். "கோவம் இருக்குதுன்னு, பாத்தத பாக்கலன்னு சொல்ல முடியுமா?"

அரை நாள் அனுமதி கேட்டு வந்ததாகவும், மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாகவும் சொல்லி, படியிறங்கிப் போனார்.